கண்ணகையின் கையெழுத்து

வாத்தியார் வேலையில் கடினமானது கணக்குப் படிப்பிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கையெழுத்துத் திருத்துவதுதான். நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பொலிஸ்காரத் தம்பியைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வரி வலப்பக்கம் போகப்போக மேலே ஏறுகிறது. சின்ன வயதில் யாராவது நாலு தரம் அழித்து எழுதச் சொல்லியிருந்தால் இப்படி வந்திராது. குறையாகச் சொல்லவில்லை. அவருடைய வேகத்துக்கு ஏற்றபடி மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் வினாயகமூர்த்தி. வயது நாற்பத்தெட்டு. கல்லடியில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருடமே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையே என் பிள்ளைகளாக நினைத்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அது சரிதான்.

இந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும், நம்முடைய கடலிலேயே கப்பல் மூழ்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அன்று ஊரே மூட்டை கட்டியது. பெரியவர்கள் எங்கேயும் ஓடலாம், பிள்ளைகளை என்ன செய்வது என்று தாய்மார் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். நான்தான் வழி சொன்னேன். கிரானுக்கு அப்பால், ஆற்றுத் துறையைக் கடந்து போனால், பெரிய நிலக்காரரான அழகரத்தினம் போடியாருடைய வயல் வட்டை. நடுவில் வயற்காரர் தங்கும் பெரிய வாடி. நெல் போட்டு வைக்கும் மண்சுவர் அறை ஒன்று, பிள்ளைகள் படுக்க நீளமான கொட்டில் ஒன்று. என்னிடம் படித்தவர் என்பதால் போடியார் மறுபேச்சில்லாமல் தந்தார்.

கல்லடிப் பாலத்தடியில் வைத்துப் பதினொரு பிள்ளைகளை என் கையில் ஒப்படைத்தார்கள். கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்து தருவேன் என்று பதினொரு தாய்மாருக்கும் வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் இல்லை நான்.

வாடியில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். பட்டணத்தில் அரிசி அளந்து கொடுத்த நாட்களில் என் பிள்ளைகள் வயிறு நிறையச் சோறும் எருமைத் தயிரும் சாப்பிட்டார்கள். சமையல் நானே. காலையில் பாடம், பின்னேரம் குளிப்பு. சாப்பாட்டுக்கு முன் தலை எண்ணுவேன். ஆற்றில் முதலை, காட்டோரத்தில் யானை. ஆகவே துறைப்பக்கம் போகக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். யார் மேலும் ஒரு கீறல் விழவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஏறாவூர் மீராசாஹிப் என்று ஒரு புடவை வியாபாரி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வண்டியில் வருவார். பிள்ளைகளின் கடிதங்களைக் கல்லடிக்குக் கொண்டுபோவதும், எழுதத் தெரியாத தாய்மார் சொல்வதைத் தானே எழுதிக்கொண்டு வருவதும் அவர்தான். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

முதல் தரம் பிள்ளைகள் எழுதியதை வாசித்தபோது எனக்குப் பெரிய மனவருத்தம். எல்லாம் ஒரே பாட்டு. அழுகை வருகிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள். இதை ஒரு தாயிடம் அனுப்பலாமா, ஐயா? அவளுக்குச் சோறு இறங்குமா? ஆகவே அவற்றைச் சிவப்பு மையால் திருத்திப் பெட்டியில் வைத்துவிட்டு, நானே வேறு எழுதினேன். எழுத்துப் பழக்கியவன் நான். ஒவ்வொரு பிள்ளையின் கையும் எனக்கு அத்துப்படி. இங்கே சுகம், தயிர் நன்றாக இருக்கிறது, வாத்தியார் அன்பாக இருக்கிறார் என்று எழுதினேன். தாய்மார் ஆறுதலாகிவிட்டார்கள் என்று மீராசாஹிப் வந்து சொன்னார். அதைக் கேட்க எனக்கும் சந்தோசமாக இருந்தது.

வைகாசி முடிய முன்னரே ஊர் அடங்கிவிட்டது. கல்லடியில் ஒரு குண்டும் விழவில்லை. மற்றச் சனங்கள் திரும்பிவிட்டார்கள். எங்கள் தாய்மாரும் கேட்டார்கள். ஆபத்து முழுதாக நீங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் இங்கேயே இருக்க விருப்பம் என்று பதினொரு கடிதம் போயிற்று. வீட்டில் ஒரு வயிறு குறைந்தால் மற்றவர்களுக்கு ஒரு பிடி கூடும் என்ற காலம். சம்மதித்தார்கள்.

கண்ணகையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன்.

அவளுக்குப் பதினொரு வயது. தாய் இராசாத்தி பன்பாய் இழைத்து விற்கிறவள். தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவரும் இல்லை. கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. பதினொரு பேரிலும் அவள்மேல்தான் எனக்குப் பிரியம் கூட. அதை மறைக்க மாட்டேன்.

தாய்மாருடைய பதில்களை நான் வகுப்பில் உரத்து வாசிப்பது வழக்கம். ஆனி மாதம் ஒருநாள் இராசாத்தியின் பதிலை வாசித்தேன். தயிர் நன்றாக இருக்கிறது என்று நீ எழுதியதைக் கேட்டுச் சந்தோசம் என்று இருந்தது. கண்ணகை எழுந்து நின்றாள்.

"நான் அப்பிடி எழுதல்லையே, வாத்தியார்."

இரு என்றேன். இருந்தாள். ஆனால் மற்றப் பத்துப் பேரும் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

அன்று பின்னேரமே துறைக்கு ஓடினாள். தோணிக்காரன் பிடித்துக் கொண்டுவந்து விட்டான். இரண்டு நாள் கழித்து மறுபடி ஓடினாள். இந்த முறை தோணிக்காகக் காத்திருக்காமல் ஆற்றில் இறங்கிவிட்டாள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றவளை மாடு மேய்க்கிறவன் ஒருவன் கண்டு இழுத்து வந்தான். முதலை கிடக்கிற ஆறு, ஐயா. அன்று நான் பயந்தது பொய்யில்லை.

அதனால்தான் நெல் அறையில் விட்டுப் பூட்டினேன். அடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையையும் நான் அடித்ததில்லை. தாய் இழைத்துக் கொடுத்த பாயையும் உள்ளே கொடுத்தேன். கதவடியில் ஒரு தட்டுப் போகிற அளவு இடைவெளி இருந்தது. சோறும் தண்ணீரும் அதன் வழியாகத் தள்ளினேன். கதவைத் திறந்தால் என் மனம் இளகிவிடும் என்று எனக்குத் தெரியும். இனி ஓடமாட்டேன் என்று சிலேட்டில் பத்து வரி, ஒரு கோணல் இல்லாமல் எழுதித் தந்தால் திறப்பேன் என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

நான்காம் நாள் காலையில் பிள்ளைக்கு முடிந்துவிட்டது. காய்ச்சல்.

எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். பிறகு அதற்கு வருகிறேன். ஒன்று முடிய மற்றது என்று சொன்னால்தான் தம்பிக்கும் எழுதச் சுகம்.

மற்றவர்களைக் குளத்துக்குக் குளிக்க அனுப்பினேன். வரம்பு முடிகிற இடத்தில் ஒரு மருதமரம் நிற்கிறது. அதன் அடியில் அந்தப் பாயிலேயே சுற்றி வைத்தேன். திருநீறு பூசினேன். தேவாரம் பாடினேன். தனியாகத் தோண்டியதில் கை இரண்டும் கொப்பளித்து, ஒரு கிழமைக்குச் சுண்ணக்கட்டி பிடிக்க முடியவில்லை.

பிள்ளைகள் திரும்பி வந்ததும், கண்ணகை பத்து வரியும் வடிவாக எழுதிவிட்டாள், அவளுடைய அம்மா வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றேன். பிள்ளைகளுக்கு ஒரு காரணம் சொல்லத்தானே வேண்டும். அதன்பிறகு அவர்களிடம் உண்டான மாற்றத்தை நீங்கள் கண்டிருக்க வேண்டும். ஒருவரும் துறைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் நான் எழும்ப முன்னரே சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பழகினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஒழுங்கான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

இனி இராசாத்தி. உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளை. செய்தியைச் சொன்னால் அவளும் போய்விடுவாள். பிள்ளைகளைக் காப்பது மட்டும் என் கடமை இல்லை, வீட்டில் இருப்பவர்களின் மனமும் உடையாமல் பார்க்க வேண்டும். ஆகவே கடிதங்கள் வழக்கம்போலப் பதினொன்று போயின.

ஆடியில் மீராசாஹிப் தோணியிலிருந்து இறங்கியதும் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கண்ணகைப் புள்ளைய ஒருக்காக் காட்டுங்க, வாத்தியார். ரெண்டு தரமா நான் அவளக் காணல்ல. தாய்க்காரி கேட்டா நான் பொய் சொல்லேலா."

மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காத தூரத்தில் அவரை நிறுத்தி, குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். அடுத்த தரம் நித்திரை என்றேன். அதற்கடுத்த தரம், நீங்கள் வரும் நேரம் பார்த்து ஒளிந்துகொள்கிறாள், வெட்கம், வளர்கிற பிள்ளைதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் தோணியில் ஏறிய பிறகும் வாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வெட்கம் என்று வாயில் வந்ததிலிருந்துதான் எனக்கு அந்த எண்ணம் உண்டாயிற்று. மாதக்கணக்காக ஒரே மாதிரி எழுதினால் தாய்க்கு அலுக்கும். பிள்ளை வளர்கிறது என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் பூரிப்பு. ஆகவே கண்ணகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவிட்டேன். இரட்டைப் பின்னல் போடப் பழகிவிட்டாள். தயிர் கடையப் பழகிவிட்டாள். உண்மையில் அந்தக் கடிதங்கள் எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது. புரட்டாசியில் எழுதினேன்: அம்மா, பாவாடை நாலு விரல் கட்டையாகிவிட்டது.

அதுதான் நான் விட்ட பிழை. ஒரு பெண்பிள்ளையை வளர்த்தவன் என்றால் அதை எழுதியிருக்க மாட்டான்.

ஐப்பசி முதற்கிழமை ஒரு காலைப்பொழுது, பாடம் நடந்துகொண்டிருந்தது. மீராசாஹிப்பின் வண்டி துறைக்கு அக்கரையில் நிற்பது தெரிந்தது. அவர் வரும் நாள் அல்ல அது. தோணியில் அவரும் இராசாத்தியும் வந்தார்கள். அவள் இடுப்பில் ஒரு துணிப் பொட்டணம்.

"எண்ட புள்ள எங்க, வாத்தியார்?"

குளத்துக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு உட்கார்ந்து பொட்டணத்தை அவிழ்த்தாள். மஞ்சளில் சிவப்புக் கரை வைத்த பாவாடை.

"நாலு விரல் கட்ட எண்டு எழுதியிருந்தாள். நான் ஒரு சாண் கூட்டித் தைச்சிருக்கன். வளர்ற புள்ளதானே."

பிறகு என்னிடம் மரியாதையாகக் காரணம் சொன்னாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு நடக்கப் போகிறது, இப்படி வளர்ந்தால் இன்றைக்கோ நாளைக்கோ பெரிய பிள்ளையாகிவிடுவாள், அந்த நேரம் தாயும் மாமியும் பக்கத்தில் இருந்து தண்ணீர் வார்க்க வேண்டும், நீங்கள் ஆண்துணை இல்லாத எங்களுக்குச் செய்தது பெரிய உதவி, இனி நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? குளத்துப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மீராசாஹிப் குளத்தைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டிலுக்குள்ளிருந்து நேசம்மா எழுந்து வந்தாள். ஒன்பது வயது. இராசாத்தியின் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணகைக்கா, மாமி? அவள் அப்பவே உங்களோட வீட்ட போயிற்றாள்தானே. நாங்களும் வடிவாத்தான் எழுதுறம். எங்கட அம்மா எப்ப வருவாங்க?"

இராசாத்தி அழவில்லை. பாவாடையைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். எழுந்து போய்ப் பத்துப் பிள்ளைகளின் தலையிலும் ஒவ்வொன்றாகக் கைவைத்தாள். கயிற்றில் தொங்கிய பாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் கை இழைத்த பாய் அதில் இல்லை என்று கண்டபிறகு என்னிடம் வந்தாள்.

"அந்தக் கடதாசியெல்லாம் ஆர் எழுதின?"

கண்ணகைதான் என்றேன்.

மீராசாஹிப் ஊர்த்தலைவரான விதானையாரைக் கூட்டிவரப் போனார். மருதமரத்தடியை நானே காட்டினேன். பிள்ளைகள் பத்துப் பேரும் அன்றே வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் வந்ததைவிடக் கொழுத்துப் போனார்கள். அதையும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். உங்கள் மேசையில் இருக்கும் அந்தச் சிலேட்டு அவளுடையதுதான். முதல் நாள் அது வெறுமையாக வெளியே வந்தது. இரண்டாம் நாள் பத்து வரியும் எழுதியிருந்தாள், அவசரமாக. அழித்துத் திருப்பித் தள்ளினேன். மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு வரிதான் இருந்தது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அதற்குக் கீழே, காய்ச்சலாக் கிடக்கு வாத்தியார், கதவத் திறங்க என்று எழுதியிருந்தது.

காய்ச்சற்காரரின் கை எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி கடைசியாக எழுதிய துண்டிலும் எழுத்து அப்படித்தான் சரிந்து கிடந்தது. பூட்டின் திறப்பு என் மடியில் இருந்தது. ஆம், தெரிந்திருந்தது. கதவைத் திறந்தால் அவளை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், வைத்தியரிடம் போனால் தாய் வருவாள், தாய் வந்தால் கடிதங்களின் கதை வெளியே வரும், பிறகு எந்தத் தாய் என்னிடம் பிள்ளையை விடுவாள்? மற்றப் பத்துப் பேரின் பாதுகாப்பு என்னாவது? ஈரத்துணியால் சிலேட்டை அழித்தேன். வரி நேராக வரட்டும் என்று சொல்லித் திருப்பித் தள்ளினேன். உள்ளே அவள் அதை இழுத்து எடுக்கும் சத்தம் கேட்டது. காலையில் அது வெளியே வரவில்லை.

அவ்வளவுதான், ஐயா. கையெழுத்து வைக்கிறேன். ஒரேயொரு உதவி. இது கடிதம் போகிற கிழமை, இராசாத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தாளும் பேனாவும் தந்தால் போதும். நீளமாக வேண்டாம், பாவாடை அளவாக இருக்கிறது அம்மா என்று இரண்டு வரி. கண்ணகையின் கையெழுத்து இப்போது நன்றாகத் திருந்திவிட்டது.