ஏழாம் பாடத்துப் பாலம்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! எனக்கு நிதியியல் கற்பித்து, உள்மதிப்பீட்டில் நான்கு மதிப்பெண் குறைத்து, இன்றுவரை காரணம் சொல்லாத பேராசிரியரும் அவரே! பெற்றெடுத்ததோடு நில்லாமல் பிள்ளைகளின் பட்டமளிப்புப் பேச்சுகளையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! பெரியோர்களே! கதவோரம் இடம்பிடித்து, எப்போது நழுவலாம் என்று பார்த்திருக்கும் மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில் இருக்கும் என் மகளே! அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கல்லூரியில் நிதியியலோடு பிரெஞ்சும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கி முப்பதாண்டு. நான் மூன்றாம் அணி மாணவன். தலைவர் அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பர்சென்ட் சார்’. காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டால், "எத்தனை பர்சென்ட் காய்ச்சல்?" என்பார். சிரிக்காதீர்கள், இன்றும் கேட்பார்.

காலையில் அவர் வகுப்பு. கரும்பலகை நிறைய எண்கள். மதியம் மாடி அறையில் பிரெஞ்சு. அங்கே ஏழாம் பாடத்தில் ஒரு பெண் ரயில் நிலையத்துக்கு வழி கேட்பாள். நேராகப் போங்கள், ரொட்டிக்கடையில் வலப்பக்கம் திரும்புங்கள், பாலத்தைத் தாண்டுங்கள் என்பார் ஒருவர். எந்த ஊர்ப் பாலம்? எந்த ஆற்றுப் பாலம்? எனக்குத் தெரியாது! ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக, வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டும்போதெல்லாம், அந்தப் பாலத்தைத் தாண்டிக்கொண்டே இருக்கிறேன். அக்கரை மட்டும் வரவே இல்லை.

ஏன் வரவில்லை? யார் குற்றம்?

சார் குற்றம் என்றேன். மேற்படிப்புக்கு அவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் அரைமனதானது, அதனால்தான் பிரெஞ்சு நாட்டுப் பல்கலைக்கழகம் என்னை மறுத்தது என்று உறவுக்கெல்லாம் சொன்னேன். கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொன்னேன். ஒருமுறை கடைத்தெருவில் அவரைக் கண்டு, தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனேன். நினைவிருக்கிறதா சார்? தலையாட்டுகிறார். எத்தனை பர்சென்ட் நினைவு என்று நான் கேட்க மாட்டேன்.

என் அப்பா அச்சகத்தில் தாள் வெட்டுபவர். நான் இறுதியாண்டு படிக்கையில், வெட்டும் இயந்திரம் அவருடைய மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கைக்கட்டோடு வீட்டில் இருந்தார். அப்போதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. அந்த வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். முதல் வரியே, ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’.

"என்னடா எழுதியிருக்கான்? வீட்ட வித்தாவது அனுப்பிடறேன், சொல்லு" என்றார் அப்பா.

"இடம் இல்லையாம்ப்பா."

"நல்லாப் பாருடா. இல்லைன்னு சொல்லவா ஒன்றரைப் பக்கம்?"

"மரியாதையா சொல்றாங்கப்பா."

அப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "உன் வாத்தியார் சரியா எழுதிக் குடுத்திருக்க மாட்டாரு" என்றார். நான் மறுக்கவில்லை. நாளடைவில் நானே அதை நம்பிவிட்டேன். சொன்ன பொய்யை மறந்துவிட்டு, அதில் பிறந்த பகையை மட்டும் வளர்த்தேன்!

மன்னியுங்கள் சார். நான்கு மதிப்பெண் கணக்கு வேறு. அது அப்படியே இருக்கட்டும்.

போதும் என்கிறீர்களா, முன்வரிசை அம்மா? இதோ, முடிக்கத்தான் போகிறேன். இன்னும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

என் மகள் இதே கல்லூரியில், இதே படிப்பை முடித்து இன்று பட்டம் வாங்குகிறாள். அவளிடம் என் பிரெஞ்சு மறந்துபோய்விட்டது என்றே சொல்லிவைத்திருந்தேன். அவள் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு ஆண்டு. வீட்டில் நானும் அவளும்தான். போன வாரம் அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது.

"இடம் இல்லைன்னுட்டாங்கப்பா. விடுங்க" என்றாள்.

"ஒன்றரைப் பக்கம் இருக்கேம்மா?"

"மரியாதையா எழுதுவாங்கப்பா."

ஐயா, அம்மா, எனக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் நேற்று, அவள் மேசையில் ஸ்டேப்ளர் தேடும் சாக்கில் படித்தேன். ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.’ அதே வரி! அதே மகிழ்ச்சி! நாளை மாலைக்குள் சம்மதம் அனுப்பவேண்டும்.

நாளைக்குக் கிடைப்பதன் மதிப்பு இன்று குறைவு என்று கற்பித்தீர்கள் சார். பணத்துக்குச் சரி. ஏக்கத்துக்கு அந்தச் சூத்திரம் தவறு. அது தள்ளத் தள்ளத் தேய்வதில்லை. வளர்கிறது, வாட்டுகிறது, வம்பு வளர்க்கிறது, கடைசியில் குற்றமற்ற ஒரு வாத்தியாரைக் கண்டால் தெருவைக் கடக்க வைக்கிறது.

மகளே, எழுந்திரு. என்ன? "அப்பா, உக்காருங்கப்பா"வா? மாட்டேன். என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லை உனக்கு. என் அப்பாவை விட்டுப்போக மனமில்லாமல்தான் நானும் இருந்தேன். இருந்து என்ன செய்தேன்? அவர் சாகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்காக நான் விட்டதை, அவர்தான் பறித்ததுபோல நடத்தினேன். அந்த முகத்தோடு நாளை நீ என் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டாம்.

இதோ அந்தச் சம்மதத் தாள். கொண்டுவந்துவிட்டேன். கையெழுத்துக்கான கோடு காலியாக இருக்கிறது. என்ன சார், பேனாவா? கொடுங்கள். வழிவிடுங்கள் தம்பிகளே, அவள் மேடைக்கு வரட்டும்.

வா. போய் ஏழாம் பாடத்து ரொட்டிக்கடையைத் தேடு. வலப்பக்கம் திரும்பு. உண்மையிலேயே அங்கே ஒரு பாலம் இருந்தால், தாண்டி நின்று அப்பாவுக்கு ஒரு போன் போடு. பிரெஞ்சிலேயே பேசு. எனக்கு மறக்கவில்லை.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பேனா தந்த என் ஆசிரியருக்கும் நன்றி. வணக்கம்.