மீன் செத்ததற்கு நாலு காரணம்

ஐறீன்: சேட்டக் கழட்டுங்க. நீங்க எங்கயும் போகத் தேவையில்ல.

மெல்ரோய்: விடு ஐறீன். பட்டனப் பிச்சுப்போடாத.

ஐறீன்: வெயில்தானாம் காரணம். இப்பதான் ரேடியோவில சொன்னவங்க. இந்தச் சூட்டில லேக் தண்ணி கொதிச்சு, மீனெல்லாம்...

மெல்ரோய்: நேத்து பாசி எண்டாய்.

ஐறீன்: அதுவும்தான்! பகல்ல அந்தப் பாசி தண்ணிக்குள்ள காத்த விடுமாம், ராவில அதுவே காத்த இழுத்துப்போடுமாம். மீனுக்கு மூச்சு முட்டும். டீவீல கெம்பஸில படிப்பிக்கிற ஒரு மாத்தயா படம் கீறியே காட்டினார்.

மெல்ரோய்: காலையில சாக்கடைக் கான் தண்ணி எண்டாய்.

ஐறீன்: கானும் அங்கதானே வந்து விழுது! எத்தன வீட்டுக் கழிவு, எத்தன கராஜ் ஒயில்... பிறகு போன கிழமை கொட்டின மழை. அடியில கிடந்த சேறெல்லாம் கிளம்பி மேல வந்திட்டுதாம்.

மெல்ரோய்: வெயில், பாசி, கான், மழை... செபமாலை சொல்ற மாதிரியெல்லோ ஒப்பிக்கிறாய். மீனப் பொரிக்கிறதத் தவிர உனக்கு மீனப் பத்தி என்ன தெரியும்?

ஐறீன்: பகிடி விடாதீங்க. எனக்கு நித்திரையே இல்ல.

மெல்ரோய்: காணுறன். மூண்டு நாளா நித்திரையில்ல.

ஐறீன்: ஸ்... ஆரோ தட்டுறாங்க. பொலிஸா?

மெல்ரோய்: பொலிஸ் இப்பிடியா தட்டும்? பக்கத்து வீட்டு சிவானி. திற.

சிவானி: அக்கா, கேள்விப்பட்டீங்களா? பஸீர் நானாவ ஸ்டேஷனுக்கு ஏத்திக்கொண்டு போய்ட்டாங்க!

ஐறீன்: எந்த பஸீர்?

சிவானி: லேக் ஓரத்தில, மீனுக்குப் போட பாண் துண்டு விப்பாரே... அவர்தான். பாணில நஞ்சு கலந்தவராம். பொலிஸ் வர முந்தியே சனம் அடிச்சிட்டாங்க. வாயெல்லாம் ரத்தமாம்.

மெல்ரோய்: நஞ்ச ஆர் கண்டது?

சிவானி: ஒருத்தரும் காணல்ல. ஆளட பேர் முஸ்லிம் பேர், சனத்துக்கு அது காணாதா அண்ணே? நினைக்கவே பயமா இருக்கு... பிள்ள அழுறா, நான் வாறன்.

மெல்ரோய்: கேட்டியா?

ஐறீன்: விசாரிச்சிட்டு விட்டிடுவாங்க.

மெல்ரோய்: விடாட்டி? பன்னெண்டு வருஷமா என்ட மெஷின் ரூமில வந்து தண்ணி குடிக்கிற மனுஷன். மீன் செத்தா அவருக்கே பிழைப்பில்ல. அவர் ஏன் நஞ்சு போடுறார்?

ஐறீன்: அதுக்கு நீங்க போய் என்ன சொல்லப் போறீங்க?

மெல்ரோய்: காத்து மெஷின் நிண்டு கிடந்தது எண்டு.

ஐறீன்: மெதுவாக் கதைங்க!

மெல்ரோய்: லேக்குக்குக் காத்தடிக்கிற மெஷின ஓட்டுறதுதான் என்ட வேல. அண்டைக்கு விடிய மெஷின் ரூமில எழும்பினா... ஒரு சத்தமில்ல. வெளியில வந்து பாத்தன். மீனெல்லாம் வாயத் திறந்துகொண்டு மேல... ஐயோ, அந்த வாயள்தான் கண்ணுக்க நிக்குது. ஓடிப்போய்த் திரும்பப் போட்டன். ஒருத்தருக்கும் சொல்லல்ல.

ஐறீன்: கறண்ட் போயிருக்கும்.

மெல்ரோய்: போகல்ல. தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கொண்டிருந்திச்சு. மெஷின்ட சுவிட்ச்தான் ஓஃப்.

ஐறீன்: அப்ப... காய்ச்சல் மயக்கத்தில நீங்களே...

மெல்ரோய்: ஓம். அப்பிடித்தான் சொல்லப் போறன்.

ஐறீன்: வேல போகும்! பிடிச்சு மறியல்ல அடைப்பாங்க! உங்களையும் சனம் அடிச்சா? நானும் பிள்ள றஷ்மியும் என்ன செய்யிற?

மெல்ரோய்: பஸீர் நானாட வீட்டிலயும் பிள்ளையள் இருக்கு.

ஐறீன்: மாதாவே... இஞ்சேருங்க, போகாதீங்க. நீங்க நிப்பாட்டல்ல.

மெல்ரோய்: சொல்லு.

ஐறீன்: மற்ற ஆள் வேலைக்கு வராம, மூண்டு நாள் ரெண்டு ஆளட வேல செஞ்சீங்க. உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. அண்டைக்கு ராவு மெஷின் ரூமில பருப்பும் சோறும் பிசைஞ்சு தீத்திவிட்டன், ரெண்டு வாய்க்கு மேல இறங்கல்ல. அந்தச் சனியன் பிடிச்ச சத்தத்தில கண் மூட ஏலாம முனகினீங்க. கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் எண்டு... நான்தான். நான்தான் நிப்பாட்டினன். அரை மணித்தியாலத்தில திரும்பப் போடுவம் எண்டுதான் நினைச்சன். அதுக்குள்ள றஷ்மி படியில விழுந்திட்டாள் எண்டு போன் கோல் வந்திச்சு. கையும் கழுவாம வீட்டுக்கு ஓடி வந்தன். மெஷின மறந்தே போனன். சத்தியமா மறந்து போனன்...

மெல்ரோய்: தெரியும். விடிய சுவிட்சில பருப்பு மஞ்சளோட உன்ட விரல் அடையாளம் இருந்திச்சு, ஆக்கள் வர முந்தி நான்தான் துடைச்சனான். இனிச் சேட்ட விடு, ஐறீன்.