காலுக்கு என்ன விலை?

அம்சம்: ஏங்க, நேத்து இடது காலையில்ல நொண்டுனீங்க?

தங்கையன்: ஓ... டிராக்டர் இடிச்சது எதுலடி?

செல்லதுரை: அண்ணே, நான் வக்கீல் குமாஸ்தா. என்கிட்ட எதுக்கு நடிப்பு? இன்ஷூரன்ஸ்காரன் ராஜிக்கு வர்றான். தொகைதான் கம்மி.

தங்கையன்: குடு, கையெழுத்துப் போடுறேன்.

அம்சம்: இருங்க! கூலித் தகராறுல வேலைக்கு ஆள் வரலன்னு, பிரேக் எதுன்னே தெரியாத மிராசுதார் மகன் டிராக்டர எடுத்தான். இவர தலைகுப்புறத் தள்ளுனான். அதுக்கு ஏன் தம்பி கம்மி?

செல்லதுரை: வயசு, வருமானம் எல்லாம் பாப்பாங்க அக்கா. முக்கியமா, அடிபட்டதுல பொழப்பு எவ்வளவு கெட்டுதுன்னு பாப்பாங்க. கல்யாணச் சமையக்காரரு நொண்டுனா சாம்பாரும் நொண்டுமா?

தங்கையன்: நொண்டாது. பேப்பரக் குடுப்பா.

அம்சம்: என்ன பறக்குறீங்க?

செல்லதுரை: துணைக்கு ஆள் வச்சிருந்தா அந்தக் கூலியும் கேக்கலாம்...

தங்கையன்: எனக்கா? ஒத்த ஆளா ஊருக்கே ஆக்கிப் போடுறவன்யா நான்!

அம்சம்: ஆமாமா...

செல்லதுரை: அக்கா, கொல்லையில அடுப்புல எதோ...

அம்சம்: நீங்க சும்மா இருங்க தம்பி. ஏங்க, பருப்ப எறக்கிடவா?

தங்கையன்: இன்னும் செத்த வேகட்டும். இப்பத்தான் வாசனை தூக்குது.

செல்லதுரை: வாசனையா! கருகுன நாத்தம் கொடலப் பொரட்டுது அண்ணே!

தங்கையன்: கருகுதா?

அம்சம்: வேணும்னுதான் கருக விட்டேன். தலையில அடிபட்டதுலேருந்து மூக்கு செத்துப் போச்சு இவருக்கு. பொண்டாட்டிகிட்டயே மறைக்கிறாரு.

தங்கையன்: கத்தாதடி! கோர்ட்டுல இத சொன்னா, திருப்பனந்தாள்லேருந்து வேதாரண்யம் வரைக்கும் எவன் என்னைக் கூப்பிடுவான்?

செல்லதுரை: அட, என்ன அண்ணே நீங்க! சமையக்காரருக்கு மூக்கு போனா பொழப்பே போன மாதிரி. காலுக்குத் தர்றதப்போல பல மடங்கு கேக்கலாமே! ஆனா... இன்ஷூரன்ஸ்காரன், மூக்கு இல்லாம இத்தன கல்யாணம் எப்படிக் கெடாம ஆக்குனீங்கன்னு கேப்பானே?

தங்கையன்: அதான் எனக்கும் புரியல. கைராசி போல...

அம்சம்: கைராசியா! தம்பி, துணை ஆளுக்குக் கூலி உண்டுன்னீங்கள்ல? எழுதிக்குங்க. மூணு முகூர்த்தமா, இவரு வெத்தலை போட ஒதுங்குனப்பல்லாம் அண்டாவ மோந்து பாத்து, தீயத் தணிச்சு, பெருங்காயம் கரைச்சு ஊத்துனவ நான்தான்.