தெளிகிற வரை

இந்த உப்புத் தண்ணியக் கண்டுபிடிச்சவன் ஒரு மடக்காவது குடிச்சுப் பார்த்திருப்பானா?

— என்னம்மா, உள்ளே சத்தத்தையே காணோம்? டம்ளர் காலியா?

— பாதி இருக்குங்க. குமட்டுது.

— அப்போ நிறுத்து. குமட்டல் அடங்கட்டும், அப்புறம் குடி. போன தடவை மடமடன்னு குடிச்சு அத்தனையும் வாந்தி எடுத்தே. குடல் சுத்தமாகலை, கேமரா விட்டும் ஒண்ணும் தெரியலைன்னு டாக்டர் திருப்பி அனுப்பிட்டாரு.

— அது வெதுவெதுன்னு இருந்துச்சு. நீங்க ஐஸ்ல வெச்சதால கொஞ்சம் பரவாயில்ல.

— பாதிய நேத்தே குடிச்சாச்சுல்ல, மீதிதானே? ஸ்ட்ராவை நாக்குக்குப் பின்னால தள்ளி வெச்சுக்கோ, ருசி தெரியாது. நடுநடுவுல எலுமிச்சைய சப்பு.

— சப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். கக்கூஸ்ல உக்காந்து எலுமிச்சை சப்புறவ உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— நானும் சப்பினேன்.

— நீங்களா? எப்போ?

— உங்க அக்காவுக்குக் கண் ஆபரேஷன்னு போயிருந்தியே, அப்போ. எனக்கும் இதே சோதனைதான். நர்ஸம்மாதான் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க.

— அடப்பாவி மனுஷா! எங்கிட்ட மூச்சு விடலையே!

— ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?

— ரொம்ப நியாயம்! ரயில் ஓட்டிக்கிட்டே உங்க காலம் போயிடுச்சு. இன்ஜின்ல கூட இருக்கற உதவி டிரைவர்கிட்டயாவது பேசுவீங்களா?

— சிக்னலை ரெண்டு பேரும் உரக்கச் சொல்லணுமே. ஆனா யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம். கண்ணு தண்டவாளத்துல இருக்கணும்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. ஏங்க... ரத்தம் போச்சே. உள்ளே ஏதாவது இருந்தா?

— இருந்தா எடுத்துருவாங்க. அதுக்குத்தானே பார்க்கறது. எனக்கும் பயம்தான். நீ சொன்ன அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல.

— பொய். சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டீங்க.

— திரும்பிப் படுத்தா தூங்கிட்டேன்னு அர்த்தமா? நீ உங்க அக்காவைப் பார்க்கப் போயிருந்தப்போ வீட்ல ஒத்தையா உக்காந்து இதைக் குடிச்சேன் பாரு, நீ கதவுக்கு வெளியே நின்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாக்கூட நல்லா இருக்குமேன்னு தோணுச்சு.

— ...

— ஏம்மா, மயக்கமா வருதா? பேசு!

— இல்லங்க. அதை இன்னொரு தடவை சொல்லுங்க.

— எதை?

— திட்டினாக்கூடன்னு சொன்னீங்களே.

— போடி இவளே. டம்ளர் என்னாச்சு?

— அது அப்பவே காலி. உங்க பேச்சுல உள்ளே போனதே தெரியல.

— இப்போ எப்படிப் போகுது?

— வெறும் தண்ணி. லேசா மஞ்சளா, தெளிவா.

— அப்போ லைன் கிளியர்! முடிஞ்சுதும்மா. காலெல்லாம் மரத்துப் போயிருக்கும். கதவைத் திற, வந்து செத்த நேரம் படு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கு.

— வேண்டாங்க.

— ஏன், இன்னும் வருதா?

— இல்ல. எல்லாம் அடங்கி ரொம்ப நேரமாச்சு. கதவைத் திறந்தா உங்களுக்கு என் முகம் தெரியும், பேச்சு நின்னுடும். நீங்க அங்கேயே நின்னு பேசுங்க.