ராத்திரிக்குத் தர மாட்டேன்

செங்கம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் ஓர் அம்மாள், இறந்துபோன கணவரின் வாட்சை ஓர் இளைஞனுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

“கடைல திறந்து பாத்தாச்சும்மா, மிஷின் நல்லாருக்கு. ராத்திரி என்கிட்ட இருக்கட்டும். ஸ்லோவா ஓடுதான்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்.”

“பகல்ல வச்சுக்கப்பா. ராத்திரிக்குத் தர மாட்டேன்.”

“ஏம்மா, தூக்கினு ஓடிடுவேனா?”

“அதில்லப்பா. அந்த டிக் டிக் சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது.”

“அப்புறம் எதுக்கு விக்கறீங்க?”

“சாவி குடுக்க மறந்துட்டா நின்னுடுது. எழுந்தா வீடே கம்முனு இருக்குது, பயமா இருக்கு. என் காதுல கேக்காட்டியும், உன் கையிலன்னா ஓடிக்கினே இருக்கும்.”

அவன் வாட்சை அவள் கையில் வைத்தான்.

“ராத்திரி வச்சுப் பாக்காமலே வாங்கிக்கறேம்மா, நாளைக்கு. இன்னிக்கு மறக்காம சாவி குடுத்துட்டுப் படுங்க.”

நான் குனிந்து குழந்தையின் மூச்சைக் கேட்டேன்.