அப்பாவின் அரிசாக்கா

துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் பூசும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. பூசி, உலரவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். டுவேனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மற்றபடி நல்ல மனிதன்தான்.

டுவேன் என் தங்கை ஆர்லீனின் கணவன். அப்பா ஒகினாவா போரிலிருந்து கொண்டுவந்த ஜப்பானிய அரிசாக்கா துப்பாக்கியை ஆர்லீனுக்கு விட்டுப்போனார். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

மான் வேட்டைக்குத் தோதாக்குகிறேன் என்று டுவேன் அதன் முன்கட்டையை ரம்பத்தால் அறுத்தான். சரிசெய்து தருகிறேன் என்று நான் வாங்கி வந்தேன். ஒஹாயோவில் ஒரு விதவையிடம் பழைய முன்கட்டை கிடைத்தது. குறிமுள்ளும் துடைப்புக் கம்பியும் துப்பாக்கிச் சந்தைகளில் தேடிப் பிடித்தவை. எல்லாம் அதே தொழிற்சாலை, அதே காலம். முடித்தபோது, போர்முனையில் அப்பா கையில் எடுத்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

டுவேன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மாதிரி பண்ணியிருக்கே. குடு, சீசன் வருது. மேல ரெண்டு ஓட்டை போட்டு, குறி பாக்க ஸ்கோப் மாட்டணும்."

"மேலேதான் ஜப்பான் அரச முத்திரை இருக்கு டுவேன். செவ்வந்திப் பூ."

"பூவைப் பாத்துட்டா மான் நிக்கப்போகுது?"

இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று அனுப்பிவைத்தேன்.

ஜப்பானில் அப்போது பள்ளிப் பையன்களுக்கென்று பயிற்சித் துப்பாக்கிகள் செய்தார்கள். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். ஆனால் மலிவான வார்ப்பிரும்பு. குண்டில்லாத வெற்று வெடிக்கு மட்டும்தான் தாங்கும். உண்மைத் தோட்டா போட்டால் சுடுபவர் முகத்திலேயே பிளக்கும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. தோட்டா ஏறும்படி மாற்று உறுப்புகள் பொருத்தினேன். பூவைப் பொறித்தேன். அடிக்கட்டையில் அப்பா கத்தியால் கீறியிருந்த பெயரெழுத்துகளையும் அதே இடத்தில், அதே சாய்வில் கீறினேன். என் வேலைகளிலேயே சிறந்தது அது என்றுதான் சொல்வேன்.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக் கொல்லையில் அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்த டுவேனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டான்.

"ஓட்டையெல்லாம் வேண்டாம் மச்சான். இப்படியே இருக்கட்டும்" என்றான். பிறகு தோட்டாவைப் போட்டு ஆர்லீனிடம் நீட்டினான். "உங்கப்பா சாமான் இது. மொத குண்டு நீதான் சுடணும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடம் எனக்கு எந்தக் குறையும் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் ஏன் என்று டுவேன் கேட்டிருப்பான். அசல் எங்கே என்ற பேச்சு வந்திருக்கும். என் வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆர்லீன் சின்ன வயதிலிருந்தே எதற்கும் என்னைத்தான் கேட்பாள். அன்றும் துப்பாக்கியைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரியாப் புடிச்சிருக்கேனாண்ணா?"

"கன்னத்தை இன்னும் கொஞ்சம் கட்டையோட ஒட்டி வச்சுக்கம்மா" என்றேன்.

அப்படித்தான் பிடிக்க வேண்டும், ஐயா. நான் அவளுக்குத் தவறாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.