ஏழாவது ஸ்டேஜோட நிறுத்திக்கம்மா

இல்லம்மா, உன் லிஸ்ட்ல அந்தக் கார் ரேஸை நீ மூணாவதா போட்டது அநியாயம். நல்லா யோசிச்சுப் பாரு. காசு போட்டு ஆடுற மெஷின்ல அந்தக் கார் போகும்போது ரெண்டு பக்கமும் மரம் என்ன, கடல் என்ன, வேடிக்கை பாக்குற ஜனங்க என்ன! அதையே வீட்டு டிவிக்குக் கொண்டு வந்தப்போ என்ன ஆச்சு? ரோடு மட்டும் வந்துச்சு. மரம் ஒண்ணே ஒண்ணு. அதுவேதான் திரும்பத் திரும்ப வருது. ஒரு நாள் பொழுது போகாம எண்ணிப் பாத்தேன், கோட்டைத் தொடுறதுக்குள்ள அந்த ஒத்த மரம் எரநூத்துப் பத்து தடவை வந்து போச்சு. அதுக்கு மூணாவது எடமா?

உக்காரும்மா, ஏன் நின்னுக்கிட்டே பேசுறே. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இங்க வா. என் தம்பி முடி வெட்டப் போயிருக்கான். நீ பதினோரு மணின்னு சொன்னே, பத்துக்கே வந்து நிக்கிறே. பரவால்ல, நல்லதாப் போச்சு. உங்கிட்டத் தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னுதான் இருந்தேன். மொதல்ல டீயைக் குடி. ஆன்ட்டி எல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு. அறுபத்தொண்ணு ஒரு வயசா?

விஷயம் ஒண்ணுமில்ல. சனிக்கிழமை விழாவுல நீ விளக்குக்காரன் ஆட்டத்தோட ஒரிஜினல் மெஷினையும், அதையே வீட்டு டிவியில ஆட என் தம்பி பண்ண கேசட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டையும் ஆடிக் காட்டப் போறே இல்ல, அதை ஏழாவது ஸ்டேஜோட நிறுத்திக்கம்மா. எட்டுக்குப் போகாதே. ஏன்னா, எட்டு ரொம்ப நீளம். வந்தவங்களுக்குப் பசி எடுத்துடும். வேற ஒண்ணும் இல்ல.

என்ன அப்படிப் பாக்குறே? சரி, உன் லிஸ்ட்டைக் குடு, பாப்போம். பழைய வீட்டுப் பெட்டியில வந்த மெஷின் ஆட்டங்கள்லயே ஒசத்தியான பத்து. தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஒம்பதாவது விமானச் சண்டை. ம், போனாப் போகுது. அதுல நாலு விமானத்துக்கு மேல வந்துட்டா ஒண்ணு தெரியும், ஒண்ணு மறையும், எல்லாம் சேந்து கண்ணாமூச்சி ஆடும். டிவியில மாட்டுற அந்தக் கறுப்புப் பெட்டியால அவ்வளவுதான் தாங்க முடியும், அது என்ன பண்ணும் பாவம். அஞ்சாவது குத்துச்சண்டையா? மெஷின்ல அரங்கம் நெறைய ஆளுங்க. வீட்டுல வெறும் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஒண்ணா கையைத் தூக்குவாங்க, ஒண்ணா எறக்குவாங்க, என்னமோ டிரில் மாஸ்டர் விசில் ஊதுற மாதிரி. ஆனா குத்து விழற சத்தம் இருக்கே, அது அச்சு அசலா மெஷின் சத்தம். அதுக்காக அஞ்சு குடுக்கலாம். ரெண்டாவது மீன் ஆட்டம். இதுல உன்னை ஒரு குறை சொல்ல மாட்டேன். கையில எடுத்த ஒடனே கை தானா பழைய வேகத்துக்குப் போயிடும்.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குறே? நல்லாக் கேட்டே போ. நான் வீடியோ கேம் பார்லர்ல ஆறு வருஷம் வேலை பாத்தவம்மா. டோக்கன் கவுன்ட்டர். காலையில ஒம்பதுக்கு ஷட்டரைத் தூக்கி, இருபத்திரண்டு மெஷின் கண்ணாடியையும் ஈரத்துணியால தொடைச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு டோக்கன் போட்டு, பட்டன் எல்லாம் வேலை செய்யுதான்னு பாக்கணும். முதலாளி ஒரு நிமிஷம் பாருன்னாரு. நான் ஒரு மணி நேரம் பாத்தேன். சாயங்காலம் காலேஜ் பசங்க வந்து, ஸ்கோர் போர்டுல மொதல்ல இருக்கிற அந்த மூணு எழுத்துப் பேர் யாருதுன்னு மண்டையைப் பிச்சுக்குவாங்க. எதிர்ல டோக்கன் எண்ணிக் குடுக்குறவதான்னு ஒருத்தனுக்கும் தோணல. அந்தத் திமிர்லயே ஆறு வருஷம் ஓட்டினேன்.

என் தம்பி அப்போதான் ஒரு சின்ன கம்பெனியில சேந்திருந்தான். இந்த மாதிரி ஆட்டங்களை வீட்டு டிவிக்கு மாத்தி எழுதுற கம்பெனி. மாடியில மூணு ரூம், பத்து பேர், ஒரே ஒரு ஃபேன். நீங்க இந்தக் காலத்துப் பிள்ளைங்க என்ன நெனக்கிறீங்க, மெஷினைப் பண்ணவங்க அவங்க எழுதின புரோகிராமைத் தூக்கிக் குடுத்தாங்கன்னா? ஒரு துண்டுப் பேப்பர் குடுக்கல. பெரிய மரப்பெட்டியில மெஷினை மட்டும் அனுப்புவாங்க. அஞ்சு வாரம் வச்சுக்கோ, கண்ணால பாரு, பாத்ததை எழுதிக்கோ, திருப்பி அனுப்பு. நீ மொத எடம் குடுத்திருக்கியே விளக்குக்காரன், அதுவும் அப்படித்தான் வந்து எறங்குச்சு.

ஆனா அவனுக்கு ஆடத் தெரியாது. சிரிக்காதே, சத்தியமாத்தான் சொல்றேன். புரோகிராம் எழுதுறதுல சூரன், ஆட வச்சா ரெண்டாவது ஸ்டேஜைத் தாண்ட மாட்டான். அதனால என்னைக் கூட்டிட்டுப் போனான். பார்லர்ல உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு அஞ்சு வாரம் அங்கதான். நான் நின்னு ஆடுவேன், அவன் பக்கத்துல ஸ்டூல் போட்டு எழுதுவான். ஸ்கிரீன் மேல கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டிட்டு, விளக்குக்காரன் எத்தனை கட்டம் தாவுறான், எவ்வளவு நேரத்துல கீழ வர்றான், எல்லாம் ஸ்டாப் வாட்ச் வச்சுக் கணக்கு. பின்னால வீடியோ கேமரா வேற ஓடும். அக்கா, இன்னொரு தடவை குதி. அக்கா, இப்போ சும்மா நில்லு. அக்கா, இப்போ செத்துக் காட்டு. செத்துக் காட்டணுமாம்! பதினேழு விதமாச் செத்துக் காட்டியிருக்கேன் அந்தப் படுபாவிக்கு.

இருந்தாலும் எனக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. மத்ததுல எல்லாம் சுடு, குத்து, கொல்லு. இதுல சுரங்கம் இடிஞ்சு ஆளுங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க, இவன் கையில ஒரு விளக்கோட ஒவ்வொரு தளமா எறங்கி அவங்களை மேல அனுப்பணும். நல்ல மனுசன்.

ஆங், நாலாவது ஸ்டேஜ்ல நெலம் அதிருதே, அதைப் பத்தி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தியே. படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல டீ புரையேறிடுச்சு. அது நிலநடுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்களுக்கு வந்த மெஷினுக்குள்ள ஒரு ஒயரு லூசு. சூடேறினா படம் உதறும், சரியா நாலாவது ஸ்டேஜுக்கு வரும்போது சூடேறிடும். இவன் பாட்டுக்கு எத்தனை தடவை உதறுது, எவ்வளவு தூரம் உதறுதுன்னு அளந்து எழுதிட்டான். டேய், இது கோளாறுடான்னு சொல்லிப் பாத்தேன். இருந்தா இருக்கட்டும்க்கா, கண்ணுல பட்டதை எழுதுறதுதான் என் வேலைன்னுட்டான். பின்னால விஷயம் தெரிஞ்சப்பவும் வெக்கப்படல. அதையும் பெருமையாத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறான், கோளாறைக் கூட விடாம எழுதினவன் நான்னு.

அவன் அப்படித்தாம்மா. ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் கொறைக்கல. முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஒரு பேச்சுதான் அவனுக்கு. அந்தக் கம்பெனியை மூடினதுக்கு அப்புறம் பேங்க்குக்குப் புரோகிராம் எழுதினான், ஆஸ்பத்திரிக்கு எழுதினான், எதுலயும் அவன் பேர் வரல, எதையும் அவன் பெருசா எடுத்துக்கல. விளக்குக்காரன் மட்டும் வேற. நீ போன் பண்ணி, அந்த நாலாவது ஸ்டேஜ் அதிர்வைத் தவிர ஒரிஜினலுக்கும் உங்க கேசட்டுக்கும் ஒரு வித்தியாசம் கூட இல்லன்னு மேடையில காட்டப் போறேன்னு சொன்னியா, அன்னியிலேருந்து அவனுக்குக் கால் தரையில பாவல. முடி வெட்டுன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாலும் போகாதவன், இன்னிக்குத் தானா கெளம்பிப் போயிருக்கான்னா பாத்துக்கயேன்.

அதனாலதான் சொல்றேன், ஏழோட நிறுத்து. மெஷின் பழசு. எட்டுல போய் நின்னு போச்சுன்னா மானம் போயிடும். அவனுக்கு பிரஷர் வேற இருக்கு. என்னது? ரெண்டு நாளா ஓட விட்டுப் பாத்தியா? ஒண்ணும் ஆகலையா? கெட்டிக்காரிதான் போ. எட்டாவது ஸ்டேஜையும் முடிச்சுப் பாத்தியா? இன்னும் இல்லையா. வேற யாராவது? ஓ, ஓடுற நெலமையில இந்த ஒண்ணுதான் கெடைச்சுச்சா. அப்போ எல்லாரும் மொத மொதலா சனிக்கிழமைதான் பாக்கப் போறீங்க. ம்.

ஆமா ஆமா, எல்லாருக்கும் அந்தக் கடைசி ரூம்தான் வேணும். தெரியும்மா. எட்டுல அந்தப் பைத்தியம் பிடிச்ச துளை போடுற எந்திரத்தை ஒடைச்சா இரும்புக் கதவு தொறக்கும். உள்ள சண்டை இல்ல, பாட்டு இல்ல. நீளமா ஒரு பெஞ்சு. இதுவரைக்கும் நீ காப்பாத்தின அத்தனை பேரும் வரிசையா உக்காந்திருப்பாங்க. இவன் போய் நிப்பான். அவங்க ஒவ்வொருத்தரா நகந்து நகந்து எடம் குடுப்பாங்க. இவன் விளக்கைக் கீழ வச்சுட்டு உக்காருவான். அவ்வளவுதான் ஆட்டம். அதுக்கு எத்தனை லெட்டர் வந்துச்சு தெரியுமா? ஒருத்தர், பெரிய கப்பல்ல கேப்டனாம், அந்த எடம் வர்றப்போ எல்லாம் அழுதுடுவேன்னு எழுதியிருந்தார். மெஷினைப் பண்ணவங்களோட மனசை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தீங்கன்னு என் தம்பிக்கு நன்றி வேற.

என்னம்மா, என் மூஞ்சியையே பாக்குறே? பசின்னு சொன்னதையும் நீ நம்பல, பிரஷர்னு சொன்னதையும் நம்பல. சரி, கேளு. எழுதிக்காதே, அந்தப் பேனாவை மூடு.

மெஷினைத் திருப்பி அனுப்புற நாள். நாலு மணிக்கு லாரி வரும். நான் அதுவரைக்கும் எட்டாவது ஸ்டேஜை ஒரு தடவை கூட முடிச்சதில்ல. முடிவு என்னன்னு தெரியாம கேசட்டு வெளிய போகாது, இவன் வேலையும் போயிடும்னு கம்பெனி முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. இவன் ரெண்டு நாளா கண்ணு மூடல. மத்தியானம் ஸ்டூல்லயே சாஞ்சு தூங்கிட்டான், வாயைப் பொளந்துக்கிட்டு. கேமராவுல டேப்பும் தீந்து போச்சு. நான் தனியா ஆடுறேன். அன்னிக்கு என்னமோ கை அப்படி ஓடுது. எந்திரம் முக்காவாசி ஒடைஞ்சாச்சு. இன்னும் ஒரே ஒரு அடிம்மா. ஒரு அடி! லாரிக்காரன் உள்ள வந்தான், டைம் ஆச்சுங்கன்னு சொல்லிக்கிட்டே செவுத்துல இருந்த பிளக்கைப் புடுங்கிட்டான்.

அந்தச் சத்தத்துல இவன் முழிச்சான். இருண்டு போன ஸ்கிரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான். முடிச்சியாக்கான்னு கேட்டான். அந்த மூஞ்சியை நீ பாத்திருக்கணும். முடிச்சேன்டான்னேன். என்ன இருந்துச்சுன்னான். அஞ்சு வாரமா நின்னுக்கிட்டே ஆடினவளுக்கு வேற என்ன தோணும்? கால் ரெண்டும் வீங்கிப் போயிருந்துச்சு. பெஞ்சு இருந்துச்சுடான்னேன். அப்புறம் வாய் நிக்கல, ஒவ்வொருத்தரா நகந்தாங்க, விளக்கைக் கீழ வச்சான்னு அது பாட்டுக்கு வருது. அவன் நோட்டை எடுத்து எழுதிட்டே இருக்கான். எத்தனை பேர்க்கா, எந்தப் பக்கமா நகந்தாங்கன்னு கேள்வி வேற.

எழுதி முடிச்சு டிவியில ஓட விட்டுப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? இந்த மெஷினைப் பண்ணவன் யாரோ பெரிய மனசுக்காரன்க்கா, இப்படி உக்கார வச்சு முடிக்கணும்னு எவனுக்குத் தோணும்னான். ஆமாடான்னேன். வேற என்ன சொல்லச் சொல்றே?

அடுத்த மாசம் சொல்லிடலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள கேசட்டு கடைக்கு வந்துடுச்சு. அடுத்த வருஷம் சொல்லலாம்னா, அவன் ஊர் பூரா ஒண்ணும் கூட்டலன்னு சொல்லிக்கிட்டு அலையுறான். அப்படியே முப்பத்தஞ்சு வருஷம். பயமா இருக்கும்மா. அத்தனை பேருக்கு முன்னால அவன் மூஞ்சி சுருங்கிப் போனா என்னால தாங்க முடியாது. ஆனா பொய் சொல்லக் கூடாது, அந்த லெட்டரை எல்லாம் அவன் எனக்குப் படிச்சுக் காட்டுறப்போ உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால நெசமா என்ன இருக்குன்னு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

என்ன சொல்றே? நானா? அந்த எட்டை ஆடணுமா? போம்மா, வெளையாடாதே. இந்தக் கையை வச்சுக்கிட்டா? கை என்னமோ நல்லாத்தான் இருக்கு, கட்டை வெரல்தான் கொஞ்சம்... மேடையிலயா? எல்லார் முன்னாலயுமா? அவன் என்னைக் கொன்னே போட்டுடுவான்.

இரு, வாசக் கேட் தொறக்குற சத்தம். வந்துட்டான். நீ ஒண்ணும் வாயைத் தொறக்காதே, என்ன.

வாடா. ஐயோ, என்னடா இது, காதுக்கு மேல ஒண்ணையும் காணோம்? கத்திரிக்கோல்ல வெட்டினானா, அரிவாள்ல வெட்டினானா? சரி சரி, நல்லாத்தான் இருக்கு. இந்தப் பொண்ணுதான்டா, போன்ல பேசினாளே. வா, வந்து என் பக்கத்துல உக்காரு. அவ கேள்வி எல்லாம் அப்புறம் கேக்கட்டும், மொதல்ல நான் ஒண்ணு சொல்லிடுறேன். சனிக்கிழமை எட்டாவது ஸ்டேஜை நான்தான் ஆடப் போறேன். ஆமாடா, இந்த வயசுலதான். ஏன்னு கேக்குறியா? நான் அதை இன்னும் முடிக்கலடா.